நம்ம வளவு குழு: சாமான் அறையில எட்டுக்கால் பூச்சி

வள்ளியம்மை ஆச்சி: சாமான் அறைச் சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. போட்டோ போட்டிருக்கேன். வயித்துக்கு அடியில வெள்ளையா வட்டமா என்னமோ பிடிச்சிருக்கு. வாழைத்தார்ல பிரேசில் விஷச் சிலந்தி வருதுன்னு சுத்துதே, அதுவா தம்பி?

சொக்கலிங்கம்: இல்ல ஆச்சி. அது போனியூட்ரியா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம் காட்டுத் தரையில ராத்திரி அலையுறது, நம்ம நாட்டுல கிடையாது. இது ஹெட்டிரோபோடா வெனட்டோரியான்னு ஒரு வேட்டைச் சிலந்தி. உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வச்ச லின்னேயஸ் 1767லயே இதுக்குப் பேர் வச்சிட்டாரு. சரக்கோட சரக்கா வெப்ப நாடு பூராவும் பரவிருச்சு, வாழைத்தார்லயும் போகும். குழப்பமே அதனாலதான்.

சொக்கலிங்கம்: ஜூம் பண்ணிப் பாருங்க. எட்டுக் கண்ணும் நாலு நாலா ரெண்டு வரிசை. கண்ணுக்குக் கீழ வெளிறின பட்டை. போனியூட்ரியாவுக்கு 2, 4, 2ன்னு மூணு வரிசை. உடம்பும் இதுக்குத் தட்டை, காலு நண்டு மாதிரி பக்கவாட்டுல விரியும். அதான் நிலைப்படி இடுக்கு, படத்துக்குப் பின்னாடி எல்லாம் நுழைஞ்சுக்குது.

முத்தையா: அந்த வெள்ளை முட்டைப் பை ஆச்சி. பெண்ணு. உள்ள நூத்துக்கு மேல முட்டை இருக்கும். பொரியிற வரைக்கும் வாய்ப்பக்கத்துச் சின்னக் கையால அணைச்சுத் தூக்கிக்கிட்டே திரியும். ஆணுக்கு உடம்பு ஒல்லி, காலு நீளம். கூடுறதுக்கு முன்னாடி காலை அதிரவச்சு மெல்லிசா ரீங்காரம் பண்ணும்.

வள்ளியம்மை ஆச்சி: விளக்குமாத்தால தட்டிரலாமா?

முத்தையா: வேண்டாம் ஆச்சி!! பொரிஞ்சிருந்தா பை கிழிஞ்சு குஞ்சு அறை முழுக்க ஓடும். ஸ்ப்ரேயும் வேண்டாம், உடனே சாகாது, வெறிபிடிச்ச மாதிரி ஓடி யார் மேலயாவது விழும். கரப்பானைத் தின்னத்தான் வருது, பாவம்.

கண்ணாத்தாள்: அப்ப மூலையில தொங்குற நூலாம்படை?

சொக்கலிங்கம்: அது வேற சிலந்தியோடது. இது இரை பிடிக்க வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். அடியில காய்ஞ்ச கூடு கிடந்தா செத்த பூச்சி இல்ல, உரிச்ச தோலு.

சொக்கலிங்கம்: பிடிக்கிறது இப்படி. வாய் 15 செ.மீ.க்குக் குறையாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு காலண்டர் அட்டை. டார்ச்சை நேரா அடிக்காம, டப்பாவை மெதுவா நடுவாக் கவிழ்க்கணும். விளிம்புல காலு மாட்டுனா காலைக் கழட்டிட்டு ஓடிரும், பையையும் போட்டிரும். எல்லாக் காலும் உள்ள வந்தப்புறம் அட்டையை நுழைங்க, காலு தானா ஒதுங்கட்டும், அவசரப்படுத்தாதீங்க. இருட்டினதும் கொல்லையில விறகு அடுக்குக்கிட்ட விடுங்க. வெறுந்தரையில விட்டா காக்கா, பல்லி விடாது.

கண்ணாத்தாள்: கடிச்சா?

முத்தையா: கையில நசுக்குனாத்தான் கடிக்கும், பை வச்சிருக்கிறது கொஞ்சம் முன்கோபம். வலியும் வீக்கமும் வரும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் குடுங்க. மூச்சு வாங்குனாலோ வீக்கம் ஏறிக்கிட்டே போனாலோ ஆஸ்பத்திரி.

வள்ளியம்மை ஆச்சி: டப்பா எடுத்தாச்சு. வராம இருக்க?

சொக்கலிங்கம்: கதவு அடி இடுக்குக்கு ரப்பர் பட்டி. சாக்கு, பழைய பேப்பர் கட்டைத் தரையில போடாதீங்க. கரப்பான் போனா இதுவும் போயிரும்.