சென்னை – போர்ட் பிளேர்: தண்டையார்பேட்டையிலிருந்து கணக்குப் போட்டால்

அந்தமான் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பலரும் கேட்கிறீர்கள். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேர், மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,370 கிலோமீட்டர். டிக்கெட்டில் இரண்டேகால் மணி நேரம் போலப் போட்டிருக்கும். வட சென்னைக்காரர்களுக்கு இது பாதிக் கணக்குதான்.

முதலில் டிக்கெட் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்துக்கு இந்தத் தூரம் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஆகாதே என்று தோன்றும். ஆனால் இங்கே நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை எல்லாமே அந்த நேரத்தில் அடக்கம். ஓடுபாதைக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் அந்த இரண்டேகால்.

போன முறை என் பக்கத்து இருக்கையில் ராயபுரத்து அம்மா ஒருவர், மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். "அப்பல்லாம் ஆர்பர்ல இருந்து கப்பல்தான் தம்பி. மூணு நாளு. எங்க பாத்தாலும் தண்ணி. பாதி பேரு வாந்தி எடுத்துனு படுத்துனு இருப்பாங்க" என்றார். இன்றும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போகும் கப்பலுக்கு ஏறக்குறைய அதே மூன்று நாள்தான். கப்பல் ஏறும் இடம் அவர் வீட்டுக்கு எவ்வளவு பக்கம், விமான நிலையம் எவ்வளவு தூரம்! "ஏர்போர்ட்டுக்கு வர்றதுக்கே இன்னா நேரம் பூட்ச்சி" என்று அவர் சலித்துக்கொண்டது முழுக்க நியாயம்.

இதில் மெட்ரோ செய்த உதவி பெரிது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை பாதை வந்ததிலிருந்து தண்டையார்பேட்டையில் ஏறினால் நேரே விமான நிலையத்தில் இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் விடியற்காலை விமானத்துக்கு மெட்ரோ கிடைக்காது, கார்தான். இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால், வீட்டுக் கதவிலிருந்து போர்ட் பிளேர் வாசல் வரை ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெளிச்சம். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, அங்கேயும் இந்திய நேரம்தான். ஆனால் ஊர் பன்னிரண்டரை பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் நமக்குச் சுமார் ஐம்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிறது. மதிய விமானத்தில் போனால் அன்றைய பகல் போய்விடும். நான் எப்போதும் காலை விமானத்தையே சொல்வேன்.

மழை மாதங்களில் போகிறவர்கள் இதையும் கவனியுங்கள். வழி முழுக்க வங்காள விரிகுடா, நடுவில் இறங்க ஊர் கிடையாது. அங்கே மேகம் மூடி ஓடுபாதை தெரியாவிட்டால் விமானம் இவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வருவதும் உண்டு. அதனால் இறங்கிய அன்றே ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். அன்று போர்ட் பிளேரிலேயே தங்கி, மறுநாள் காலைப் படகில் கிளம்புங்கள்.