பொலிசில சேரப் பட்டம் கட்டாயம் எண்டு வைச்சால் வன்னியில என்ன நடக்கும்?

வழிகாட்டி_கிளிநொச்சி:

பொலிஸ் வேலைக்குப் பட்டதாரியளைத்தான் எடுக்கவேணும் எண்ட கதை இப்ப பள்ளிக்கூடங்களிலயும் அடிபடுது. முறைப்பாடு எழுதத் தெரியேல்லை, சட்டம் தெரியேல்லை, சனத்தோட கதைக்கத் தெரியேல்லை, கம்பஸ் படிச்ச ஆக்கள் வந்தால் எல்லாம் சரிவரும் எண்டு ஒரு பக்கம். அப்பிடி வைச்சால் முல்லைத்தீவு, மன்னார்ப் பிள்ளையளுக்கு இருக்கிற ஒரு கதவும் சாத்துப்படும் எண்டு மற்றப் பக்கம். ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தக்கூடிய மாதிரி, வேலை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. பட்டம் எதைத் திருத்தும், எதைத் திருத்தாது? கிராம அலுவலர், தாதி வேலையளோட ஒப்பிட்டாலும் நல்லம். கட்சிச் சண்டை வேண்டாம்.

குளக்கட்டு:

முதல்ல இப்ப இருக்கிற வாசலைப் பாப்பம். வெளியில இருந்து நேரடியாப் போறதுக்கு முக்கியமா மூண்டு படி. கான்ஸ்டபிளுக்கு ஓ.எல். (சாதாரண தரம்), உப பரிசோதகருக்கு ஏ.எல்., உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பட்டம். அதாவது பட்டம் ஏற்கெனவே கேக்கினம், ஆனால் மேல் படியில. ஸ்டேசன் மேசையில இருந்து முறைப்பாடு எழுதிறவரிட்ட கேக்கேல்லை.

இனி வயதுக் கணக்கு. ஓ.எல். 16 இல, ஏ.எல். 19 இல. பெறுபேறு, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, பதிவு எண்டு இழுபட்டுக் கம்பஸுக்குள்ள கால் வைக்க 20, 21. மூண்டு வருசப் பொதுப்பட்டம் எண்டால் 24, நாலு வருசச் சிறப்புப்பட்டம் எண்டால் 25, 26. கான்ஸ்டபிள் வர்த்தமானி அறிவித்தல்களில ஒரு வயதெல்லை இருக்கும். அதைத் தொடாமல் பட்டத்தை மட்டும் கட்டாயமாக்கினால், பட்டம் கையில வாற நேரம் கனபேருக்கு வயது போயிடலாம்.

அடுத்தது இடம். பல்கலைக்கழக அனுமதியில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வி வசதி குறைஞ்ச மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தக் கடைசி 5 வீதப் பட்டியலில இருக்கு. வசதி குறைவெண்டு அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாவட்டங்களில இருந்து இனிப் பட்டதாரி மட்டும் வாங்கோ எண்டால், தமிழில எழுதத் தெரிஞ்ச பொலிஸ்காரர் கூடுவினமோ குறைவினமோ எண்டு நீங்களே யோசியுங்கோ.

நீதவான்வாசல்:

குளக்கட்டு அண்ணை வாசலைச் சொல்லிப்போட்டார். நான் உள்ளுக்குள்ள எது பிழைக்குது எண்டதைச் சொல்லுறன். அது தெரியாமல் பட்டம் வேணும், வேண்டாம் எண்டு கதைச்சுப் பிரயோசனம் இல்லை.

முறைப்பாடுதான் அத்திவாரம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109 ஆம் பிரிவு: வாயால சொல்லுற முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலயே எழுதி, வாசிச்சுக் காட்டி, சொன்னவரிட்டக் கையெழுத்து வாங்கவேணும். உத்தியோகத்தருக்கு அந்த மொழியில எழுத ஏலாது எண்டால் சொல்லுறவரையே எழுதித் தரச் சொல்லலாம். அவருக்கும் எழுத ஏலாது எண்டால்தான் வேறை மொழியில எழுதி, மொழிபெயர்த்து வாசிச்சுக் காட்டவேணும். வன்னியில வழுக்குப்படுறது இந்தக் கடைசிப் படியில. இடையில நிண்டு மொழிபெயர்க்கிறவர் சில நேரம் ஸ்டேசனுக்குத் தன்ர வேலையா வந்த ஆளாத்தான் இருக்கும். "பொல்லோட அடிக்க வந்தவர்" எண்டது "அடித்தார்" எண்டு பதிவாகும். ஆறு மாதம் கழிச்சுச் சாட்சிக் கூட்டில உண்மையைச் சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை முரண்பாடு எண்டு குறிப்பார். வழக்கு அங்கேயே நொண்டும். வேலிச் சண்டை, வாய்க்கால் சண்டையில வடக்கெல்லை தெற்கெல்லை மாறி எழுதுப்படுறதும் இப்பிடித்தான்.

ரெண்டாவது, வாக்குமூலம். சாட்சியக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தருக்குக் குடுத்த குற்ற ஒப்புதல் சாதாரண குற்ற வழக்கில செல்லாது. பிறகேன் அடி விழுது? 27 ஆம் பிரிவைப் பாருங்கோ. சந்தேகநபர் சொன்ன தகவலால ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அதோட சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். கைரேகை, காலடி, தொலைபேசிப் பதிவு எண்டு வேறை வழியால ஆதாரம் எடுக்கப் பழகாதவருக்கு அந்தக் குறுக்குப் பாதைதான் தெரியும். 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில குறைஞ்ச தண்டனையே 7 வருசம். தண்டனை கூடினதால அடி நிண்டதாத் தெரியேல்லை. விசாரிக்கத் தெரிஞ்சால் அடிக்கிற தேவை குறையும், அது நிச்சயம்.

மூண்டாவது, சான்றுப்பொருள். கசிப்பு (கள்ளச் சாராயம்) பிடிச்சால் அளந்து, போத்தலுக்கு முத்திரை வைச்சு, புத்தகத்தில இலக்கம் போட்டு, ஆரிட்டயிருந்து ஆருக்கு எத்தினை மணிக்குக் கைமாறினது எண்டு ஒவ்வொரு முறையும் எழுதவேணும். போத்தலில ஒரு இலக்கம், புத்தகத்தில இன்னொரு இலக்கம் எண்டால் பகுப்பாய்வு அறிக்கை வந்தும் பிரயோசனம் இல்லை. அடிபட்டு வாறவருக்குச் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைப் பொலிஸ் உடன குடுக்கவேணும். பிந்தினால் கண்டல் மறைஞ்சிடும். பாலியல் வன்முறை எண்டால் முதல் 72 மணித்தியாலம் பெரிய விசயம். பிந்தப் பிந்த, உடம்பில எடுக்கிற மாதிரியில ஆதாரம் கிடைக்கிற வாய்ப்புக் குறையும்.

இன்னொண்டு கனபேருக்குத் தெரியாது: நீதவான் நீதிமன்றத்தில சின்ன வழக்குகளைப் பொலிசே நடத்துது. குற்றப்பத்திரத்தில பிரிவைப் பிழையாப் போட்டால் திருத்திவிட அரச சட்டத்தரணி பக்கத்தில நிக்கமாட்டார்.

இதில எதைக் கலைப்பட்டத்தில படிப்பிக்கினம்? புவியியல், முகாமைத்துவம், இந்து நாகரிகம், எல்லாம் நல்ல பாடங்கள்தான். ஒண்டிலயும் முத்திரை வைக்கிற முறை வராது.

பூந்தோட்டம்_வாசகி:

வழிகாட்டி சேர், ஒப்பிடுறதுக்கு வேறை எங்கயும் போகத் தேவையில்லை. பிரதேச செயலகத்தையே பாருங்கோ. கிராம அலுவலர் ஏ.எல். தகைமையோட போட்டிப் பரீட்சை எழுதி வந்தவர். அபிவிருத்தி உத்தியோகத்தர் பட்டதாரி. வெள்ளம் வந்தால் வீடு வீடாக் கணக்கெடுக்கிறதும், வதிவிடச் சான்று குடுக்கிறதும், காணிப் பிணக்கில முதல் அறிக்கை எழுதிறதும் ஆர்? கிராம அலுவலர். வேலையில்லாப் பட்டதாரியளுக்காக உருவான பதவியில சில இடங்களில நாலு பேருக்கு ஒரு மேசை. பட்டதாரியளைக் குறை சொல்லேல்லை, அவையளைப் பழக்காமல் கொண்டுவந்து இருத்தினதைத்தான் சொல்லுறன்.

தாதியரைப் பாருங்கோ. ஏ.எல். எடுத்து, தாதியர் பாடசாலையில மூண்டு வருசம், அதில வாட்டில நிக்கிற நேரம் கனக்க. ஆசிரியருக்கு வவுனியாக் கல்வியியற் கல்லூரி: ரெண்டு வருசம் விடுதியில தங்கிப் படிப்பு, மூண்டாம் வருசம் பள்ளிக்கூடத்தில கட்டுறுபயிற்சி, பிறகு தேசிய டிப்ளோமா. ஊசி போடுறவருக்கும் அ, ஆ சொல்லிக்குடுக்கிறவருக்கும் மூண்டு வருசம் வேணுமெண்டு நாட்டுக்கு விளங்குது. ஒராளைக் கைது செய்து 24 மணித்தியாலம் அடைச்சு வைக்கக்கூடியவருக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கில?

என்ர கருத்து, ஏ.எல். போதும், ஆனால் பயிற்சி மூண்டு வருசம். அதில ஒரு வருசமாவது பழகின சார்ஜன்ட் ஒருத்தருக்குக் கீழ ஸ்டேசனில. சாட்சியச் சட்டமும் மற்ற மொழியும் கட்டாயப் பாடம். முடிவில டிப்ளோமா.

ஒஸ்லோக்காரன்:

பூந்தோட்டம் அக்கா சொல்லுறதைத்தான் இஞ்ச பட்டம் எண்டு சொல்லுறாங்கள். நோர்வேயில பொலிசில சேரப் பொலிஸ் பல்கலைக் கல்லூரியில மூண்டு வருச இளமாணி படிக்கவேணும். அதில ஒரு பெரிய பகுதி ஒரு பொலிஸ் மாவட்டத்தில வேலைப் பயிற்சி. பின்லாந்திலயும் பொலிசுக்கெண்டே தனிக் கல்லூரி, 180 கற்கைப் புள்ளி இளமாணி. வரலாறு படிச்சிட்டு வா எண்டு ஆரும் சொல்லுறதில்லை.

இங்கிலாந்து வேறை கதை. அங்க படிச்சபடியே வேலை செய்யிற மூண்டு வருசப் பட்டம், ஏற்கெனவே பட்டம் உள்ளவைக்கு ரெண்டு வருசம், அல்லது முதலே பொலிஸ் பட்டம் எண்டு எல்லா வழியையும் பட்டத்தோட கட்டப் பாத்தாங்கள். ஒப்படை எழுதவெண்டு ஆள் டியூட்டியில இல்லாமல் போறது பெரிய தலையிடியாப் போச்சு. கடைசியில 2024 இல பட்டமில்லாத ரெண்டு வருச வழியைத் திறந்து விட்டாங்கள்.

ஆனால் பட்டமே பிரயோசனமில்லை எண்டு நீதவான்வாசல் சொல்லுறதை ஏற்கமாட்டன். அமெரிக்காவில ரெண்டு நகரங்களில செய்து 2010 இல வெளியான ஆய்வில, கல்லூரி படிச்ச உத்தியோகத்தர் பலாத்காரம் பாவிக்கிறது குறைவெண்டு கண்டினம். கைது, சோதனை செய்யிறதில வித்தியாசம் இல்லை. அடி குறையுமெண்டால் அது சின்ன விசயமோ? என்னைக் கேட்டால், ஸ்டேசன் பொறுப்பதிகாரியா வாறவருக்கெண்டாலும் பட்டம் வேணும்.

நீதவான்வாசல்:

ஒஸ்லோ தம்பி, நான் பட்டமே பிரயோசனமில்லை எண்டு எழுதேல்லை, எந்தப் பட்டம் எண்டுதான் கேட்டனான். அந்த ஆய்வை அப்பிடியே இஞ்ச கொண்டுவரவும் ஏலாது. படிக்கப் போற ஆளே வேறை சுபாவமா இருக்கலாம், அது படிப்பால வந்ததா ஆளால வந்ததா எண்டு பிரிக்கிறது கஷ்டம். பொறுப்பதிகாரிக்குப் பட்டம் எண்டதில எனக்கு மறுப்பில்லை. ஆனால் சேவையில இருந்தபடி படிக்க லீவும் காசும் குடுத்தால்தான். இல்லாட்டி இருபது வருசம் வீதியில நிண்ட கெட்டிக்கார சார்ஜன்ட் அதிலயே நிக்க, நேற்று வந்தவர் கதிரையில இருப்பார்.

வழிகாட்டி_கிளிநொச்சி:

எல்லாருக்கும் நன்றி. அப்ப பொலிசுக்குப் போக விருப்பமெண்டு இந்த வருசம் வந்து நிக்கிற பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?

குளக்கட்டு:

வர்த்தமானியை மூலத்தில வாசிக்கச் சொல்லுங்கோ, முகநூலில வாற படத்தை நம்பவேண்டாம். வயதெல்லை எந்தத் திகதிக்குக் கணக்கெண்டு அதில இருக்கும். அந்தத் திகதியால கனபேர் தட்டுப்படுறவை. உயரம், நெஞ்சளவு, கண்பார்வை மூண்டையும் விண்ணப்பிக்க முதலே அளந்து பாக்கவேணும். ஓ.எல். இல சித்திகளின்ர எண்ணிக்கை மட்டுமில்லை, எந்தெந்தப் பாடத்தில திறமைச் சித்தி கேட்டிருக்கு எண்டதையும் பாக்கவேணும். ஏ.எல். சரியா இருக்கிற பிள்ளை உப பரிசோதகருக்கும் போடட்டும், கான்ஸ்டபிளோட நிக்கவேண்டாம். இப்பவே சிங்களம் எழுதப் பழகச் சொல்லுங்கோ. பேசினால் மட்டும் காணாது, ஸ்டேசன் புத்தகங்கள் பெரும்பாலும் அதிலதான். பட்டம் வேணுமெண்டால் சேர்ந்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில படிக்கலாம்.

பூந்தோட்டம்_வாசகி:

பெண்பிள்ளையளுக்கும் சொல்லுங்கோ சேர். சிறுவர், பெண்கள் பிரிவு மேசையில தமிழில எழுதக்கூடிய ஒரு பொம்பிளை உத்தியோகத்தர் இல்லாட்டி, முறைப்பாடு குடுக்க வந்தவ பாதியில எழும்பிப் போயிடுவா.