சாருக்கு என்ன கொடுக்கலாம்? உங்கள் உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் பறவை பார்க்கப் போகும் ஞாயிறு நடையை இத்தனை வருடம் தன் செலவில் நடத்திய நம் சார், இந்தப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு பொறுப்பை விடுகிறார். முழங்கால் வலி, கரையில் வெகுநேரம் நிற்க முடியவில்லை.

எனக்கு அவர் முதலில் காட்டியது நீலத் தாழைக்கோழி. தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, "அவசரப்படாதம்மா, அந்தக் கோரைக்குள்ள பாரு, இப்ப வெளிய வரும்" என்றார். நீல உடம்பு, சிவந்த அலகு, வாலைச் சொடுக்கும்போது அடியில் தெரிந்த வெள்ளை. இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. 2022இல் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அன்று அவர் குரல் தழுதழுத்ததையும் மறக்க முடியாது.

பொன்னாடை, கேடயம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் உங்களுக்கு முதலில் காட்டிய பறவையைப் பற்றி ஒரு பக்கம் கையால் எழுதித் தாருங்கள், நோட்டாகத் தைத்துக் கொடுப்போம். போட்டோ இருந்தால் அதையும் சேர்க்கலாம். பைண்டிங் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், எடை குறைந்த மடக்கு நாற்காலி எங்கே நல்லதாகக் கிடைக்கும்? உட்கார்ந்தபடியாவது அவர் நம்மோடு வர வேண்டும்.