ஒரே கோப்பாக இருந்தவரை ஓடியது: ஹோம்ப்ரூவுக்குச் சொந்தக் கட்டளை எழுதிய அனுபவங்கள்

மேக்கில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவுக்கு (டெர்மினலில் அதன் பெயர் "ப்ரூ") நாமே ஒரு கட்டளை எழுதிச் சேர்ப்பது சுலபம். "ப்ரூ-துடை" என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, இயக்க அனுமதி கொடுத்து, பாத்தில், அதாவது கணினி கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், உள்ள ஏதாவது ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும். அடுத்த நொடியே "ப்ரூ துடை" என்று டெர்மினலில் அடிக்கலாம். ஆனால் அந்த ஒரு கோப்பை நாலாகப் பிரித்த நாளிலிருந்துதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

என்னுடையது பாஷ் (டெர்மினல் கட்டளைகளை எழுதும் மொழி) ஸ்கிரிப்ட். வேறு எதற்கும் தேவைப்படாமல் சும்மா கிடக்கும் தொகுப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நீக்கும். அறுநூறு வரியைத் தாண்டியதும் எனக்கே படிக்க முடியவில்லை. திரையில் அச்சிடும் வேலை, அமைப்புகளைப் படிக்கும் வேலை, பயனரிடம் கேள்வி கேட்கும் வேலை என்று மூன்று துணைக் கோப்புகளாகப் பிரித்து "லிப்" ஃபோல்டரில் வைத்தேன். முதன்மைக் கோப்பு, தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று டாலர் ஜீரோவை (ஸ்கிரிப்ட் எந்தப் பாதையில் கூப்பிடப்பட்டது என்று சொல்லும் மாறி) வைத்துக் கண்டுபிடித்து, ஒரு படி மேலே போய், லிப்புக்குள் இருப்பதை இழுத்துக்கொள்ளும்.

டேப்பாகக் கொடுத்தவரை ஒரு குறையும் இல்லை. டேப் என்றால் ஹோம்ப்ரூவில் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு கிட் களஞ்சியம்தானே. ஹோம்ப்ரூ அதை முழுசாக குளோன் செய்து வைத்துக்கொண்டு, உள்ளே "சிஎம்டி" ஃபோல்டரில் இருப்பவற்றைக் கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் லிப்பை யாரும் தொடுவதில்லை. அப்புறம் பதிப்பு எண் போட்டு ஒழுங்காக வெளியிடலாமே என்று அதையே ஒரு ஃபார்முலாவாக, அதாவது ஒரு தொகுப்பை எப்படி நிறுவுவது என்று ஹோம்ப்ரூவுக்குச் சொல்லும் கோப்பாக, மாற்றினேன். நிறுவல் முடிந்தது, கட்டளையை அடித்தேன், "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வந்து நின்றது.

கோப்பு இருக்கிறது, செல்லருக்குள் (ஹோம்ப்ரூ தொகுப்புகளை வைக்கும் ஃபோல்டர்) போய் என் கண்ணாலேயே பார்த்தேன். அரை நாள் கழித்துத்தான் புரிந்தது. ஃபார்முலா எதையும் செல்லருக்குள்தான் நிறுவும். வெளியே "/ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்"னில் இருப்பது அதைக் காட்டும் சிம்லிங்க், அதாவது வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, மட்டும். பாஷில் டாலர் ஜீரோ அந்த சிம்லிங்கின் பாதையைத்தான் கொடுக்கும், அது சுட்டும் இடத்தை அல்ல. ஆக என் ஸ்கிரிப்ட் தேடிக்கொண்டிருந்தது "/ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப்"பில். அப்படியும் ஒரு ஃபோல்டர் நிஜமாகவே இருக்கிறது, மற்ற தொகுப்புகளின் நூலகங்கள் வரிசையாக அங்கே கிடக்கின்றன, என் மூன்று கோப்புகள் மட்டும் இல்லை.

முதலில், சிம்லிங்க் சுட்டும் நிஜ இடத்தைச் சொல்லும் ரீட்லிங்க் கட்டளையை "எஃப்" கொடியோடு போட்டுச் சரிசெய்தேன். என் கணினியில் ஓடியது. பழைய மேக் வைத்திருந்த ஒருவரிடம் ஓடவில்லை, ஏனென்றால் மேக்ஓஎஸ் 12.3-க்கு முன் ரீட்லிங்குக்கு அந்தக் கொடியே கிடையாது. கடைசியில் கைகொடுத்தது ஃபார்முலாவிலேயே உள்ள ஒரு வசதி. எல்லாக் கோப்புகளையும் லிபெக்ஸெக்கில் (செல்லருக்குள் தொகுப்பின் சொந்தக் கோப்புகளுக்கான ஃபோல்டர்) அதே அமைப்போடு நிறுவிவிட்டு, "பின்" ஃபோல்டரில் "ரைட் எக்ஸெக் ஸ்கிரிப்ட்" கொண்டு ஒரு குட்டி ஸ்கிரிப்டை எழுத வைத்தேன். அது நிஜக் கோப்பை முழுப் பாதையோடு கூப்பிடும் என்பதால் டாலர் ஜீரோவும் சரியான இடத்தையே காட்டுகிறது.

* * *

நான் ரூபி மொழியில் எழுதுகிறவள். உங்களுக்கு வந்த சிக்கல் எனக்கு வரவில்லை, கோப்பு இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் ரூபியின் "டிர்" சிம்லிங்கைப் பிரித்து நிஜ இடத்தைக் கொடுத்துவிடும். எனக்கு வந்தது வேறு மாதிரி. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிழைச் செய்தியை மட்டும் வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

துணை ஃபங்ஷன்களை எல்லாம் "யுடில்ஸ்" என்ற கோப்பில் போட்டிருந்தேன். எல்லாரும் வைக்கிற பெயர்தானே. என் லிப் ஃபோல்டரை ரூபி தேடும் பாதைகளின் முன்னால் சேர்த்து, "ரிக்வயர்" (இன்னொரு கோப்பை ஏற்றும் ரூபிக் கட்டளை) செய்து அழைத்தேன். "அப்படி ஒரு மெத்தட் இல்லை" என்றது. எழுத்துப்பிழையா என்று நாலு முறை பார்த்தாயிற்று. கோப்பின் முதல் வரியிலேயே ஒரு சொல்லை அச்சிடச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. அப்போதுதான் ரிக்வயர் என்ன திருப்பித் தருகிறது என்று அச்சிட்டேன். "ஃபால்ஸ்" என்று வந்தது. ரூபியில் அதற்கு அர்த்தம், இந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது, மறுபடி ஏற்ற மாட்டேன் என்பது.

காரணம் இதுதான். ரூபிக் கட்டளையை ஹோம்ப்ரூ தனி நிரலாக ஓட்டுவதில்லை, தன் செயல்முறைக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. அதனால்தான் ஃபார்முலா, டேப் போன்ற கிளாஸ்களெல்லாம் நமக்குச் சும்மாவே கிடைக்கின்றன. ஆனால் ஹோம்ப்ரூவிடமும் யுடில்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது, அது நமக்கு ரொம்ப முன்னாலேயே உள்ளே வந்துவிடுகிறது. என் கோப்பை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை!

இப்போது "ரிக்வயர் ரிலேட்டிவ்" மட்டும்தான். அது முழுப் பாதையை வைத்துப் பார்ப்பதால் பெயர் மோதாது. மாட்யூல்களையும் என் கட்டளையின் பெயரிலேயே ஒரு உறைக்குள் வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் ஹோம்ப்ரூவின் யுடில்ஸ் மாட்யூலையே நாம் திறந்து திருத்திவிடுவோம். தேடும் பாதையில் நம் ஃபோல்டரை முன்னால் நுழைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஹோம்ப்ரூ சில கோப்புகளைத் தேவைப்படும்போதுதான் ஏற்றுகிறது. நம் ஃபோல்டரில் அதே பெயர் இருந்தால் நம்முடையது போய் உட்கார்ந்துகொள்ளும், உடைவது ஹோம்ப்ரூவாக இருக்கும், பயனர் நம்மைச் சந்தேகிக்கவே மாட்டார். இது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம்.

இன்னொன்று, நீங்கள் தனியாக நிறுவிய ஜெம்களை (ரூபி நூலகங்கள்) நம்பி எழுதாதீர்கள். ஹோம்ப்ரூ தன்னுடைய ரூபியையும் தன்னுடைய ஜெம்களையும் வைத்துத்தான் ஓடுகிறது.

* * *

ரஸ்ட் மொழியின் தொகுப்புக் கருவியான கார்கோ பக்கம் இருந்து ஒரு சின்ன அனுபவம். அங்கேயும் இதே பழக்கம்தான், "கார்கோ-எண்ணு" என்று ஒரு நிரல் பாத்தில் இருந்தால் "கார்கோ எண்ணு" வேலை செய்யும். ரஸ்டில் எத்தனை கோப்பாகப் பிரித்தாலும் கடைசியில் ஒரே பைனரி என்பதால் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அறிக்கைக்கான வார்ப்புருக்களைத் தனிக் கோப்புகளாக வைத்திருந்தேன். "கார்கோ இன்ஸ்டால்" பைனரியை மட்டும்தான் கொண்டுபோய் வைக்கும், வார்ப்புருக்கள் போகவே இல்லை. "இன்க்ளூட் ஸ்ட்ர்" மேக்ரோ போட்டு அவற்றைப் பைனரிக்குள்ளேயே பொதிந்ததும் தீர்ந்தது.

அங்கே முதல் ஆர்கியுமென்ட்டாக "எண்ணு" என்ற துணைக்கட்டளைப் பெயரே வந்து சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நேரடியாக ஓட்டினால் அது வராது. இரண்டையும் சோதித்துப் பார்க்காமல் ஒரு பதிப்பை வெளியிட்டு நான் பட்டது போதும்.

* * *

ரூபி எழுதும் சகோதரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். துணைக் கோப்புகளை சிஎம்டி ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். நான் "ப்ரூ-" என்றே தொடங்கும் பெயரில் ஒரு ரூபித் துணைக் கோப்பை அங்கே வைத்திருந்தேன். அதுவும் ஒரு கட்டளையாகிவிட்டது. ஒருவர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே வரவில்லையே என்று கேட்டார். அவர் மேல் தப்பு இல்லை. கட்டளைகள் மட்டும் சிஎம்டியில், மற்றதெல்லாம் லிப்பில்.

அப்புறம் சூழல் மாறிகள், அதாவது டெர்மினலில் நாம் வைத்து நிரல்களுக்குப் போய்ச் சேரும் மதிப்புகள். அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு மாறி வழியாகச் சொல்லும்படி எழுதியிருந்தேன். ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டினால் மாறி இருக்கிறது, ப்ரூ வழியாகப் போனால் காலி. ஹோம்ப்ரூ தொடங்கும்போதே சூழலைச் சுத்தம் செய்துவிடுகிறது. ஹோம், பாத், டெர்ம் மாதிரி சிலவற்றையும், "ஹோம்ப்ரூ" என்று தொடங்கும் பெயர்களையும் மட்டும் உள்ளே விடும். மாறியின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சேர்த்ததும் வந்துவிட்டது.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. சூழல் மாறி பற்றிப் படித்ததும் உடனே போய்ப் பார்த்தேன். என் ஸ்கிரிப்டிலும் நிறத்தை நிறுத்துவதற்கு அப்படி ஒரு மாறி இருக்கிறது, அது வேலை செய்யவில்லை என்று ஒருவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் டெர்மினல் அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தேன். பெயரை மாற்றிப் புதுப் பதிப்பு போட்டுவிட்டேன்; அவருக்கு மன்னிப்புக் கேட்டு இப்போதுதான் எழுதினேன்.