அடாப்ஷன் = புழக்கமாதல்? (சொற்பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சொல்)

குழுவினருக்கு வணக்கம்.

நிறுவன மாற்றம் தொடர்பான நம் பட்டியலில் இன்னும் முடியாமல் கிடப்பது "அடாப்ஷன்", அதாவது புதிதாக வந்த ஒரு முறையை ஆட்கள் தங்கள் வழக்கமாக்கிக்கொள்வது. இதுவரை வந்த பரிந்துரைகள் தத்தெடுப்பு, தழுவல், ஏற்பு. முதலாவதை இயந்திர மொழிபெயர்ப்பின் கணக்கில் எழுதிவிடலாம். "மென்பொருளின் தத்தெடுப்பு விகிதம் குறைவு" என்று அச்சிலேயே பார்த்துவிட்டேன், அனாதை மென்பொருள் போலிருக்கிறது. தழுவல் என்றால் நாவலைத் தழுவி எடுத்த படம்தான் ஞாபகம் வரும். எனக்குத் தகராறு "ஏற்பு" என்பதோடுதான். பார்வைக்கு நல்ல சொல்லாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடுவார்கள்.

நான் பயனர் கையேடு எழுதிப் பிழைப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சரக்கறையில் பதிவேட்டை எடுத்துவிட்டுக் கணினி வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, கேசரி கொடுத்து, அன்று மாலையே "செயலாக்கம் நிறைவு" என்று மேலே அறிக்கை போனது. பயிற்சி பெற்றதாக எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏற்பு நூற்றுக்கு நூறு.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். ஸ்டோர் கீப்பரின் மேசையில், கணினிக்குப் பக்கத்திலேயே, அட்டை பிய்ந்த நீள நோட்டு. நடந்தது இதுதான்: சரக்கு வரவைத் திரையில் ஏற்ற பேட்ச் எண் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்கே போகாது. பேட்ச் எண்ணோ பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும். வெளியே லாரி டிரைவர், கனரக வண்டிகளுக்குத் தடை நேரம் ஆரம்பிப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று சலானை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நோட்டில் ஒரு வரி, சலானில் ஒரு முத்திரை, லாரி போய்விடும். சாயங்காலம் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் கணினியில் அடிப்பார். நாள் முழுக்க வந்த சரக்கெல்லாம் 5.10-க்கும் 5.40-க்கும் நடுவே வந்ததாகப் பதிவாகியிருந்தது. அறிக்கை படித்த மேலாளர் யாருக்கும் அது உறுத்தவில்லை என்பது வேறு கதை.

"ஏத்துக்காம எல்லாம் இல்ல சார். புழக்கத்துக்கு வரல, அவ்வளவுதான்" என்றார் அவர். எனக்கு அங்கேதான் சொல் கிடைத்தது.

நம்மிடம் இருக்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: செயலாக்கம், நடைமுறைப்படுத்தல், அமலாக்கம். எல்லாமே பிறவினை. யாரோ ஒருவர் இன்னொருவரை ஒன்றைச் செய்யவைக்கிறார். "ஏற்பு" தன்வினைதான், ஆனால் ஒரு நாளில் முடிந்துபோகிற வினை, கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. நமக்கு வேண்டியது தன்வினையாகவும் இருக்க வேண்டும், நாள்பட நடப்பதாகவும் இருக்க வேண்டும். புழங்குவது அப்படித்தான். வீட்டில் புழங்குகிற பாத்திரம் வேறு, பரணில் இருக்கிற பாத்திரம் வேறு. பரணில் இருப்பதையும் நாம் காசு கொடுத்துத்தான் வாங்கினோம்.

"கைவரல்" என்றும் யோசித்தேன். அழகான சொல், ஆனால் அது ஒருவரின் தேர்ச்சி. வீணை கைவரும். ஒரு அலுவலகமே ஒன்றுக்குப் பழகுவதைச் சொல்ல அது போதாது.

ஆணை வந்த நாளும் புழக்கத்துக்கு வந்த நாளும் வேறு என்பதற்கு, இந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையை விட நல்ல சான்று கிடையாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி, அந்த விசைப்பலகை அரசின் தரப்பாடாயிற்று. ஆனால் இளநிலை, முதுநிலை தட்டச்சுத் தேர்வுகள் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே நடந்தன. அந்தச் சான்றிதழை வைத்து வேலைக்கு வந்தவரின் விரல்கள் எங்கே போகும்? பல அலுவலகங்களில் கணினி வந்த பிறகும் பழைய அமைப்பிலேதான் தட்டினார்கள்.

நேர்மாறாக, காசு. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய், நூறு நயா பைசா என்று வந்தது. 25 பைசாவை ஊர் "நாலணா" என்று கூப்பிட்டுப் புழங்கியது, 2011 ஜூனோடு அந்தக் காசு செல்லாமல் போகும்வரை. ரூபாயில் கால் பங்கு என்று கணக்கு சரியாகப் பொருந்தியதால் பழைய பெயரிலேயே புதிய காசு கைமாறியது. ஓரணாவுக்கு 6¼ பைசா என்று இடித்தது, அந்தப் பெயர் அப்படி ஒட்டவில்லை. நிலத்தில் இன்னும் பிடிவாதம்: மெட்ரிக் அளவு வந்து இத்தனை காலமாகியும் சென்னையில் மனை பேசுகிறவர் "ஒரு கிரவுண்டு" என்றுதான் ஆரம்பிப்பார். 2,400 சதுர அடி.

பட்டியலின் மற்ற சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. பைலட் ரன்: வெள்ளோட்டம். புதுத் தேருக்கு இருக்கும் சொல் இருக்கும்போது "முன்னோடி ஓட்டம்" எதற்கு? கோ லைவ்: நடப்புக்கு வருதல். தயவுசெய்து "நேரலை" வேண்டாம், கிரிக்கெட் ஒளிபரப்பாகிவிடும். பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவதற்கு "இரட்டைப் பதிவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஏற்கெனவே கணக்குப்பதிவியலில் வேறொன்றுக்கு உரிய சொல். இணை ஓட்டம் என்று வைக்கலாம்.

அடாப்ஷன்: புழக்கமாதல். அடாப்ஷன் ரேட்: புழக்க விகிதம். கருத்துச் சொல்லுங்கள்.

*

மேலுள்ள மடலுக்கு மறுமொழி

ஐயா, வணக்கம். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, நாணயப் புழக்கம், பணப்புழக்கம் என்று பொருளாதாரத்தில் புழக்கம் ஊன்றிவிட்டது. வங்கி மென்பொருள் பற்றிய ஆவணத்தில் "புழக்க விகிதம்" என்றால் ரிசர்வ் வங்கி அறிக்கை என்று நினைப்பார்கள். இரண்டு, "பயன்பாடு" என்ற சொல் கையில் இருக்கிறதே?

இன்னொன்று. உளவியலாளர் கர்ட் லெவின், மாற்றம் நடக்கும் விதத்தைப் பற்றி 1947-இல் சொன்ன மூன்று நிலைகளுக்கு உறைநீக்கம், மாற்றம், மறுஉறைவு என்று போட்டிருக்கிறோம். சென்னையில் எது உறைகிறது, தயிரைத் தவிர?

*

மறுமொழிக்கு மறுமொழி

அம்மா, பயன்பாடு என்பது யூசேஜ். என் ஸ்டோர் கீப்பர் தினமும் அரை மணி நேரம் கணினியைப் பயன்படுத்தினார், அதனால்தான் அறிக்கை ஏமாற்றியது. அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் தனிச்சொல் கேட்கிறேன். வங்கி ஆவணச் சிக்கல் நியாயம். அங்கே "பயனர் புழக்கம்" என்று முன்னொட்டோடு எழுதலாம். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

உறைவை மாற்ற வேண்டாம். தயிர் என்று கேலியாகச் சொன்னீர்கள், பாலில் உறை ஊற்றுவது பழைய மோரைத்தானே? லெவின் பனிக்கட்டியை நினைத்திருப்பார், நமக்குத் தயிரே போதும்.

போன வாரம் அந்தத் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். பேட்ச் எண்ணை அப்புறம் போடலாம் என்று திரையை மாற்றிவிட்டார்களாம். "இப்ப எப்படி?" என்றேன். "புழங்குது சார். கரண்ட் போனா மட்டும் நோட்டு."