வேலைக்குப் போய்க்கொண்டே ஏ.சி.சி.ஏ. முடிக்கலாமா, படித்துவிட்டுப் போவதா?

புதுப்பேரேடு:
எல்லோருக்கும் வணக்கம். டிகிரி முடித்தாகிவிட்டது. ஏ.சி.சி.ஏ. என்கிற சர்வதேச அக்கவுன்டன்சி படிப்பில் டாக்ஸேஷன் தாள் வரை பாஸ். எஃப்.ஆர். (ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்), ஏ.ஏ. (ஆடிட்), எஃப்.எம். (ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்) மூன்றும், அதற்கு மேல் ஸ்ட்ராட்டஜிக் நிலையும் பாக்கி. கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று பெரிய கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பேயபிள், அதாவது சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கிற பிரிவு. சம்பளம் நன்றாக இருக்கிறது, ஆனால் தினமும் இன்வாய்ஸ் என்ட்ரிதான் என்கிறார்கள். இன்னொன்று சின்ன ஆடிட் ஃபர்ம், சம்பளம் குறைவு. வீட்டில், "முதலில் படிப்பை முடி, வேலை எங்கே ஓடிவிடப் போகிறது" என்கிறார்கள். எதைச் செய்வது?

நள்ளிரவு ஆடிட்டர்:
கண்ணை மூடிக்கொண்டு ஆடிட் ஃபர்ம். ஒரே வருஷத்தில் பல கம்பெனிகளின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒன்று மட்டும்: வாடிக்கையாளர்கள் டிசம்பரில் கணக்கு முடிக்கிறவர்கள் என்றால் மார்ச் தேர்வை மறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வரும்.

ஐந்தொகை:
படித்து முடித்துவிட்டு வேலை என்கிற யோசனையை முதலில் ஓரங்கட்டுங்கள் தம்பி. எல்லாத் தாளும் பாஸ் செய்தாலும் 36 மாத வேலை அனுபவம் இல்லாமல் மெம்பர்ஷிப் கிடைக்காது. அந்த மாதங்கள் தேர்வுக்கு முன்னால் வந்தாலும், நடுவில் வந்தாலும், பின்னால் வந்தாலும் கணக்கில் சேரும். அப்புறம் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

கம்பெனியா ஃபர்மா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. உங்கள் அனுபவத்துக்கு யார் கையெழுத்துப் போடப் போகிறார்? அதுதான் முதல் கேள்வி. 9 பெர்ஃபார்மன்ஸ் அப்ஜெக்டிவ், அதாவது வேலையில் என்னென்ன செய்யக் கற்றீர்கள் என்பதை, எழுதிக் காட்ட வேண்டும். 5 கட்டாயம், 4 டெக்னிக்கல் பகுதியில் நீங்களே தேர்ந்தெடுப்பது. அதற்கு ஒப்புதல் தருபவர் குவாலிஃபைடு அக்கவுன்டன்டாக (ஏ.சி.சி.ஏ. போன்ற ஓர் அமைப்பின் மெம்பராக) இருக்க வேண்டும். மேனேஜர் தலை நரைக்கிற அளவுக்குக் கணக்கு எழுதியவராக இருந்தாலும், குவாலிஃபைடு இல்லையென்றால் நீங்கள் வேலை பார்த்த காலத்துக்கு மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். மற்றதற்கு வெளியே ஆள் தேடி அலைய வேண்டும். இன்டர்வியூவிலேயே கேளுங்கள், தப்பே இல்லை. நான் ஆள் எடுக்கும்போது இதைக் கேட்கிற பிள்ளைகள்மேல் தனி மரியாதை வரும்.

பேயபிள் வேலையை ஏன் எல்லோரும் மட்டமாகப் பேசுகிறார்களோ தெரியவில்லை. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும். ஏ.ஏ. தாளில் பர்ச்சேஸ் கன்ட்ரோல் என்று வருவது இதேதான். புத்தகத்தில் நெட்டுரு போட வேண்டியதை நீங்கள் தினமும் கையால் செய்வீர்கள். மாதக் கடைசியைப் பாருங்கள்: சரக்கு 30ஆம் தேதியே கிடங்குக்கு வந்துவிட்டது, இன்வாய்ஸ் அடுத்த மாதம் 4ஆம் தேதிதான் வருகிறது. செலவு எந்த மாதத்துக்கு? இன்வாய்ஸுக்காகக் காத்திருக்காமல், சரக்கு வந்த மாதத்திலேயே அக்ரூயல் (பில் வராத செலவுக்கான பதிவு) போடுகிறவருக்கு எஃப்.ஆர். பாதி புரிந்துவிட்டது. சப்ளையர் ஸ்டேட்மென்ட்டையும் நம் லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். (வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 540ஐ 450 என்று போட்டால் வித்தியாசம் 90.)

ஆனால் வருஷக்கணக்கில் என்ட்ரியிலேயே உட்கார வைத்தால் அந்த 4 டெக்னிக்கல் நிரம்பாது. அங்கே ஆடிட் ஃபர்ம்தான் ஜெயிக்கும், மறுக்கவில்லை.

புதுப்பேரேடு:
ரொம்ப நன்றி அக்கா. கம்பெனிக்கு போன் செய்து கேட்டேன், மேனேஜர் ஏ.சி.சி.ஏ. மெம்பராம். தேர்வுக்கு லீவு "பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள்.

ஐந்தொகை:
"பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பாக்கி இருக்கிற தாள்களுக்கு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருஷத்துக்கு நாலு வாய்ப்பு. தேர்வு பெரும்பாலும் அந்த மாதத்தின் முதல் வாரத்தில் வரும். மாதக் கணக்கை முடித்து ரிப்போர்ட் கொடுக்கிற வாரமும் அதேதான்! எனவே தேர்வுக்கு எத்தனை நாள் லீவு, முந்தின வாரம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். லெட்டரில் போட முடியாது என்றால் ஒரு மெயிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வேறு பிரிவுக்கு மாற்றுவார்களா என்றும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

சேர்ந்ததும் முதல் தேர்வுக்கு ஒரு தாள் போதும், எஃப்.ஆர். எழுதுங்கள். வேலையின் வேகம் பிடிபட்ட பிறகு ஏ.ஏ.வையும் எஃப்.எம்.மையும் சேர்த்து எழுதலாமா என்று பார்ப்போம். எப்போதாவது வேலையை விட்டால், கடைசி நாளுக்கு முன்பே மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு மெயில் அனுப்பினால் பதில் வருவது அவர் மனசைப் பொறுத்தது.

நள்ளிரவு ஆடிட்டர்:
மேனேஜரே மெம்பர் என்றால் நான் என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். கம்பெனியிலேயே சேருங்கள். மாற்றித் தரமாட்டார்கள் என்று தெரிந்தால் அப்போது ஃபர்முக்கு வரலாம், அதுவரை அங்கே சேர்த்த மாதங்கள் வீணாகாது.