நெற்றியில் திருநீறோடு என் கணவர் வந்து உட்காரக்கூடிய ஆராதனை, நேரடி இசையோடு, கோலாலம்பூரில் உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
வணக்கம். நாங்கள் லூத்தரன் குடும்பம், கணவர் சைவர். மாமனார் கிள்ளானில் கோயில் நாதஸ்வரக்காரர். இவரும் பத்து வருடம் அப்பாவோடு நின்று வாசித்தவர். கல்யாணமான புதிதில் ஒரு சபைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நின்ற மூப்பர், "நெற்றியில் இருப்பதை அழித்துவிட்டு வாங்க" என்றார். இவர் ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார். அன்று முதல் ஞாயிறுதோறும் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு காத்திருப்பார். உள்ளே வருவதில்லை.

2019 அக்டோபரில் மகளைப் பார்க்க பாஸ்டனுக்குப் போனோம். நியூபரி தெருவில் இமானுவேல் சர்ச் என்று ஒன்று. 1970 முதல் அங்கே ஞாயிறு ஆராதனைக்குள்ளேயே, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய கான்டாட்டாவை, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் பல பகுதிப் பாடலை, முழுக் குழுவோடு பாடுகிறார்கள். செப்டம்பரிலிருந்து மே வரை அப்படி. அதே கட்டடத்தில் யூதர் சபை ஒன்றும் கூடுகிறது. கணவர் திருநீறோடுதான் வந்தார். வாசலில் நின்ற அம்மா நெற்றியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்து ஆராதனைத் தாளைக் கொடுத்தார். எங்களுக்கு முன் வரிசையில் இரண்டு ஆண்கள், தங்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு.

அப்புறம் ஓபோ என்ற மேற்கத்தியக் குழல் வாசிப்பவர் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் எதையோ நனைத்து உதட்டில் வைத்தார். இவர் என் கையைப் பிடித்தார். "சீவாளி! சீவாளியை நனைக்கிறார் பார்!" சீவாளி என்றால் வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. மாமனாரின் நாதஸ்வரத்தில் சீவாளிகள் ஒரு நூலில் தொங்கும்; வாசிக்கும் முன் ஒவ்வொன்றாக வாயில் ஊறவைத்துப் பார்ப்பாராம். அதன் பிறகு இவர் அந்த ஓபோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை, ஜெபம் தொடர்ந்தது. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு இவர் எழுந்து போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இப்படி ஓர் ஆராதனை நம் ஊரில் இருந்தால் சொல்லுங்கள். கச்சேரி அல்ல, ஆராதனைதான் வேண்டும்.

ஜார்ஜ்டவுன்காரர்:
அக்கா, டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் இருக்கும் செயின்ட் மேரிஸ் கதீட்ரலுக்கு முதலில் போய்ப் பாருங்கள். ஆங்கிலிக்கன் சபை, 1894-இல் கட்டத் தொடங்கியது. அங்கே உள்ள பைப் ஆர்கன் ஹென்றி வில்லிஸ் செய்தது. பினாங்கு வந்தால் ஃபார்குவார் தெருவில் அசம்ப்ஷன் தேவாலயம், அங்கே 1916-இல் வைத்த ஆர்கன் இருக்கிறது. அது கத்தோலிக்கக் கோயில், நற்கருணை, அதாவது திருவிருந்து, கத்தோலிக்கருக்கு மட்டும்தான். அதை முன்கூட்டியே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிய வேண்டாம்.

செந்தூல் தம்பி:
தப்பாக நினைக்காதீர்கள் அக்கா. இசைக்காகவே ஆள் வர ஆரம்பித்தால் ஆராதனை கச்சேரி ஆகிவிடாதா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தம்பி, பாக் 1723-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குப் போனது கச்சேரி செய்ய அல்ல. ஞாயிறு வேத வாசகத்துக்கு ஏற்ற பாட்டு எழுதுவதுதான் அவர் வேலை. அன்று எங்கள் மூவரில் அதிகமாகக் கேட்டவர் என் கணவர்தான். அந்தக் கேட்டலை ஜெபம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஓய்வுபெற்ற கோயர் மாஸ்டர்:
அம்மா, நீங்கள் லூத்தரன் என்றதால் சொல்கிறேன். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். ஹாலே, லைப்சிக்குக் கிட்டத்து ஊர். பாக் இறந்த அதே 1750-இல்தான் இன்னொரு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் தஞ்சாவூரில் வளர்த்த பிள்ளைதான் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார். பாக்கும் நம் கீர்த்தனையும் ஒரே வீட்டுச் சாப்பாடு! மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலைக்கு ஆர்கன் வாசிக்கிறோம், கீர்த்தனைக்கு மட்டும் கீபோர்டில் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அது பல வருட மனக்குறை.

ஆர்கனைத் தேடி அலையாதீர்கள். உங்கள் போதகரிடம் பேசி, அண்ணனையே வாசிக்கச் சொல்லுங்கள். மூடிய கூடத்துக்குள் நாதஸ்வரம் காதை அடைக்கும். ஆராதனைக்கு முன் வாசலில் கால் மணி நேரம் வாசிக்கட்டும். அந்த மூப்பர் நின்ற மாதிரி ஒரு வாசலில். திருநீறோடு.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
ஐயா, இதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மாடிக்குப் போய் மாமனாரின் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். சீவாளி எல்லாம் வெடித்துப்போயிருக்கிறது, புதிதாக வாங்க வேண்டுமாம். போதகரை வியாழக்கிழமை பார்க்கிறேன். அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: கீர்த்தனைகளை உங்கள் கோயர் எத்தனை கட்டை சுருதியில் பாடுவார்கள்?